சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது: எந்தப் பாகத்தை மாற்றுவது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் ஒரே சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. லினக்ஸ். ஜூன் மாதத்திலிருந்து அதுவாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. நான் குறித்து வைத்த நேரங்கள்: ஜூன் 3 காலை 11:42, ஜூன் 17 காலை 11:42, ஜூலை 1 காலை 11:43, ஜூலை 9 அதிகாலை 2:00, ஜூலை 15 காலை 11:41, ஜூலை 29 காலை 11:42. ஜூன் 20 அன்று ரேம் முழுவதையும் மாற்றினேன். ஜூலை 5 அன்று லினக்ஸைப் புதிதாக நிறுவினேன். பயனில்லை. நடந்ததைக் குறித்து வைக்கும் லாக்கிலும் ஒன்றும் இல்லை. கரண்ட் பிரச்சினையாக இருக்க வாய்ப்பில்லை: சர்வரில் இரண்டு பவர் சப்ளை, இரண்டுமே யுபிஎஸ்ஸில் இருக்கின்றன. யுபிஎஸ் பேட்டரி 100 சதவீதம் என்று காட்டுகிறது. அதே யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒருமுறைகூட அணைந்ததில்லை. நான் எதையோ மாற்றியதால்தான் இப்படி ஆகிறது என்று மேலாளர் நினைக்கிறார். அடுத்து மதர்போர்டை மாற்றவா, பவர் சப்ளையை மாற்றவா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். முதலில் ஒரு காலண்டரை எடுங்கள். நீங்கள் அனுப்பிய ஆறு தேதிகளில் ஜூலை 9-ஐ மட்டும் ஓரமாக வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். ஜூன் 3, ஜூன் 17, ஜூலை 1, ஜூலை 15, ஜூலை 29. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக 14 நாள். நேரமும் 11:41-க்கும் 11:43-க்கும் இடையிலேயே நிற்கிறது. கெட்டுப்போன ரேமோ மதர்போர்டோ இப்படி நாள் பார்த்து, மணி பார்த்து வேலையை நிறுத்தாது. எங்கோ ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அது 14 நாளுக்கு ஒருமுறை ஏதோ ஒன்றைச் செய்கிறது.

அந்தக் கடிகாரம் சர்வருக்குள் இருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கு நீங்களே சான்று தந்துவிட்டீர்கள். ரேம் மாற்றியது ஜூன் 20, அதற்குப் பின்னும் ஜூலை 1 அன்று நடந்திருக்கிறது. லினக்ஸைப் புதிதாக நிறுவியது ஜூலை 5, அதற்குப் பின்னும் ஜூலை 15, 29 இரண்டும் கணக்குத் தவறாமல் வந்திருக்கின்றன. குறித்த நேரத்தில் தானாக ஓடும் பழைய கிரான் வேலை ஏதாவது காரணமாக இருந்திருந்தால் அது நிறுவலோடு போயிருக்கும். ஆகவே அந்த இரண்டு வேலைகளும் வீணாகவில்லை. இரண்டு பெரிய சந்தேகங்களை அவை நீக்கிவிட்டன. மேலாளரிடம் பேசும்போது இதைத் தேதியோடு சொல்லுங்கள். நீங்கள் எதையோ மாற்றியதால் வந்த கோளாறு என்றால், எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அதே 14 நாள் தொடர்வதற்குக் காரணமே இல்லை.

என் சந்தேகம் முழுவதும் யுபிஎஸ் மேல்தான்.

பல யுபிஎஸ்கள் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். ஏபிசி நிறுவனத்தின் ஸ்மார்ட்-யுபிஎஸ் வரிசையில் அது வழக்கமாக 14 நாளுக்கு ஒருமுறை என்றுதான் அமைக்கப்பட்டு வருகிறது. உங்களுடையது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அமைப்புப் பக்கத்தில் 'செல்ஃப் டெஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். சோதனை என்றால் என்ன? சுவரிலிருந்து வரும் மின்சாரம் நன்றாகவே இருக்கும்போது, யுபிஎஸ் சில விநாடிகளுக்கு வேண்டுமென்றே பேட்டரிக்கு மாறி, அதனால் சுமையைத் தாங்க முடிகிறதா என்று பார்க்கும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு க்ளிக் சத்தத்தோடு முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. பேட்டரி தளர்ந்திருந்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரியும். யுபிஎஸ் உடனே சுவர் மின்சாரத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அதற்குள் சர்வர் போயிருக்கும். அறையில் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், சர்வர் மட்டும் மறுபடி பூட் ஆகிக்கொண்டிருக்கும்.

இந்த நாள் கணக்கு பொதுவாக யுபிஎஸ்ஸை ஆன் செய்த நேரத்திலிருந்து ஓடும். மே 20 அன்றோ, அதற்கு 14 அல்லது 28 நாள் முன்போ, காலை 11:40 வாக்கில் யாராவது யுபிஎஸ்ஸை இடம் மாற்றினார்களா, அணைத்துப் போட்டார்களா என்று விசாரியுங்கள். விடை கிடைத்தால் பாதி வழக்கு முடிந்தது.

அப்படியானால் 100 சதவீதம் காட்டுவது? பேட்டரியை உண்மையாகச் சோதித்த பிறகு சொல்லும் எண்ணாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. சுமை இல்லாமல் சார்ஜரில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் வோல்டேஜ் நன்றாகவே இருக்கும். ஈய-அமில பேட்டரி பழசாகும்போது அதன் உள்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்வரை அது வெளியே தெரியாது, பெரிய சுமையை ஒரே நொடியில் ஏற்றும்போதுதான் வோல்டேஜ் சடாரென்று இறங்கும். இவ்வகை பேட்டரிகளுக்கு 3 முதல் 5 வருடம்தான் ஆயுள். வெப்பமான அறையில் இன்னும் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பேட்டரிக்கு என்ன வயது? கடிதத்தில் அது இல்லை.

சுவிட்ச் அணையவில்லை என்பதும் என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர், உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை ஓட்டும். முழுச் சுமையில் ஓடும் சர்வருக்கு அந்தக் கொஞ்ச நேரம் 10, 20 மில்லிசெகண்ட் அளவுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரே ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட் ஆகும் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். சிறிய சுவிட்ச் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் அதே மாதிரியான சரிவை அது இன்னும் அதிக நேரம் தாண்டிவிடும். ஒரே ப்ளக் வரிசையில் சுவிட்ச் பிழைப்பதும் சர்வர் விழுவதும் ஒன்றாக நடக்கக்கூடியவைதான்.

இரண்டு பவர் சப்ளை விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் இடங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு பவர் சப்ளை கொடுத்திருப்பது இரண்டு வெவ்வேறு வழியில் மின்சாரம் வருவதற்காக. இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால், ஒரு பவர் சப்ளை கெட்டுப்போனால் மட்டும்தான் பாதுகாப்பு. யுபிஎஸ் சறுக்கினால் இரண்டும் ஒரே கணத்தில் போகும். உங்கள் சர்வர் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கரண்ட் போனால் சர்வர் அணைந்துதானே கிடக்க வேண்டும், ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கேட்கலாம். சர்வரைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலான பயாஸில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்று ஓர் அமைப்பு உண்டு. சர்வர்களில் பெரும்பாலும் 'மறுபடி ஆன் ஆகு' என்றோ 'முன்பிருந்த நிலைக்குப் போ' என்றோதான் இருக்கும். அதனால் மின்வெட்டு நமக்கு ரீஸ்டார்ட் மாதிரி தெரிகிறது.

சரி, சந்தேகத்தை எப்படி உறுதி செய்வது? லாக்கில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அந்த 'ஒன்றும் இல்லை' என்பதை எனக்கு இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 'லாஸ்ட்' கட்டளையை '-எக்ஸ்' சேர்த்து ஓட்டுங்கள். புதியது மேலே, பழையது கீழே என்று வரிசை வரும். ஒவ்வொரு 'ரீபூட்' வரிக்கும் சற்றுக் கீழே 'ஷட்டவுன்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், முறைப்படி கட்டளை கொடுத்து நிறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் லினக்ஸுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. அடுத்து 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையோடு '-பி -1' சேர்த்து, முந்தைய பூட்டின் கடைசி வரிகளுக்குப் போங்கள். முறையான நிறுத்தம் என்றால் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நின்ற வரிகள் வரும். கரண்ட் போயிருந்தால் யாரோ லாகின் செய்தது, ஏதோ கோப்பு எழுதியது என்று சாதாரண வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், அப்படியே நின்றுவிடும். பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் போனை வைத்த மாதிரி இருக்கும்.

இங்கே இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸின் லாக்கை எழுதி வைக்கும் ஜர்னல், சாதாரண வரிகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதிசெய்து வைக்கும். மிகக் கடுமையான பிழை என்றால் மட்டும் உடனே எழுதும். அதனால் திடீர் மின்வெட்டில் கடைசி சில நிமிடங்களே காணாமல் போயிருக்கலாம். கடைசி வரி 11:38 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டாவது, 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'ஜர்னல்' என்ற கோப்புறை இல்லாவிட்டால், பல நிறுவல்களில் ஜர்னல் நினைவகத்தில் மட்டும் இருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் அழிந்துவிடும். இல்லையென்றால் இன்றே உருவாக்கிவிடுங்கள்.

லினக்ஸுக்குத் தெரியாமல் நடந்ததைப் பார்த்துக் குறித்து வைக்கும் இன்னொருவர் சர்வருக்குள்ளேயே இருக்கிறார். மதர்போர்டில் உள்ள பிஎம்சி என்ற சிறிய தனிக் கணினி. டெல்லில் அதை ஐடிராக் என்பார்கள், ஹெச்பிஇ சர்வர்களில் ஐஎல்ஓ. சர்வர் அணைந்திருந்தாலும், சுவர் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். பவர் சப்ளைக்கு மின்சாரம் நின்றது, மெமரியில் திருத்த முடியாத பிழை வந்தது, விசிறி நின்றது என்று எல்லாவற்றையும் தன் பதிவேட்டில் எழுதும். லினக்ஸை அழித்து நிறுவினாலும் அது அழியாது. அதாவது ஜூன் 3-லிருந்து எல்லாமே இன்னும் அங்கே இருக்கக்கூடும். பிரவுசரில் திறந்து பாருங்கள், அல்லது 'ஐபிஎம்ஐடூல்' மூலம் 'செல் எலிஸ்ட்' போடுங்கள். படிக்கும் முன் அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். அது லினக்ஸின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை, உலகப் பொது நேரத்தில்கூட ஓடும். பல மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் 'அந்த நேரத்தில் எதுவும் இல்லை' என்று மூடிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவேடு நிரம்பியிருந்தால் சில சர்வர்களில் புதியது எதையும் எழுதாது. அதையும் பாருங்கள். நிரம்பியிருந்தால் இருப்பதைச் சேமித்துக்கொண்டு காலி செய்யுங்கள்.

ஜூலை 9-க்கு வருகிறேன். அதிகாலை சரியாக 2:00. இது வேறு ஆசாமி. நிறுவிய நான்காம் நாள் என்பதால், தானாக அப்டேட் ஏறும் வசதியில் தேவைப்பட்டால் ரீஸ்டார்ட் செய்யும்படி அமைந்திருக்கும் என்று நினைக்கிறேன். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் அந்த வசதியின் அமைப்புக் கோப்பில் மாதிரியாக எழுதி வைத்திருக்கும் நேரமே 02:00-தான். 'லாஸ்ட்' பட்டியலில் இந்த ஒன்றுக்கு மட்டும் 'ஷட்டவுன்' வரி இருந்தால் இதை மறந்துவிடலாம். இரண்டு வெவ்வேறு காரணங்களை ஒரே பட்டியலில் போட்டதால்தான் உங்களுக்கு 14 நாள் கண்ணில் படவில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் சர்வர் வாரத்துக்கு ஓரிரு முறை விழுந்துகொண்டிருந்தது. நான் ரேமை மாற்றினேன், பிறகு மதர்போர்டையே மாற்றினேன். மூன்று வாரம் போயிற்று. ஒருநாள், சர்வரை வைத்திருக்கும் அலமாரியான ரேக்குக்குப் பின்னால் போய் ஒவ்வொரு பவர் கார்டையும் கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் சூடாக இருந்தது. உருவிப் பார்த்தால் மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. ப்ளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. ரேக்கின் பின்கதவை மூடும்போதெல்லாம் கதவு அந்தக் கார்டை ஒரு விரல் அளவு தள்ளியிருக்கிறது. மாற்று பவர் சப்ளை அந்தச் சர்வரில் இல்லை. ஒரு புதிய கார்டோடு வேலை முடிந்தது. அந்த மூன்று வாரத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் இழந்த கோப்புகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் எதையும் வாங்காதீர்கள் என்று முதல் வரியிலேயே சொன்னேன். நீங்களும் இன்று மாலை பின்னால் போய் ஒவ்வொரு ப்ளக்கையும் அழுத்திப் பாருங்கள்.

இப்போது சோதனை. ஜூலை 29-லிருந்து 14 நாள் என்றால் ஆகஸ்ட் 12. என் கணிப்பு சரியென்றால் அன்று காலை 11:42 வாக்கில் யுபிஎஸ் மறுபடி தன்னைச் சோதிக்கும். அதற்குள் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்றை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, சர்ஜ் பாதுகாப்புள்ள வேறொரு சுவர் ப்ளக்கில் மாட்டுங்கள். முடிந்தால் வேறு சர்க்யூட்டாக இருக்கட்டும். வேலை நேரம் முடிந்த பிறகு, சர்வரை முறைப்படி அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஓடும்போதே ஒன்றை உருவினால் முழுச் சுமையும் மற்றதன் மேல் விழும். அது ஏற்கெனவே செத்திருந்தால் நீங்களே ஏழாவது ரீஸ்டார்ட்டை உண்டாக்கிவிடுவீர்கள். திரும்ப ஆன் செய்ததும் இரண்டு பவர் சப்ளையின் விளக்கும் பச்சையாக இருக்கிறதா, பிஎம்சி இரண்டையும் நலம் என்று சொல்கிறதா என்று பாருங்கள். இதோடு நிறுத்துங்கள். அதே நாளில் அப்டேட் போடுவது, பயாஸ் புதுப்பிப்பது எதுவும் வேண்டாம். இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆகஸ்ட் 12 அன்று 11:30-க்கு சர்வர் அறையில் இருங்கள். க்ளிக் சத்தம் கேட்கும், யுபிஎஸ்ஸின் பேட்டரி விளக்கு மினுக்கும். சர்வர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பிஎம்சியைத் திறந்தால், ஒரு பவர் சப்ளைக்கு மட்டும் மின்சாரம் நின்று வந்ததாக ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை அச்செடுத்து மேலாளரிடம் கொடுங்கள்.

காத்திருக்க முடியாது என்றால், சர்வரை அணைத்து யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே வாட் இழுக்கும் பழைய கணினிகள் இரண்டு மூன்றை அதில் மாட்டி, யுபிஎஸ்ஸின் சோதனை பட்டனை அழுத்துங்கள். கணினிகள் விழுந்தால் தெரிந்துவிட்டது. சர்வரை மாட்டி வைத்துக்கொண்டு மட்டும் அந்த பட்டனைத் தொடாதீர்கள்.

என் கணிப்பு தவறாகவும் போகலாம். ஆகஸ்ட் 12 அன்று சர்வர் விழுந்து, பிஎம்சியில் மின்சாரம் பற்றி எதுவுமே இல்லையென்றால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பக்கம் திரும்புவோம். கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் சிக்கினால், லினக்ஸ் பொதுவாக உறைந்து நிற்கும். 'கெர்னல்.பேனிக்' என்ற அமைப்பில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால்தான் அத்தனை விநாடி கழித்து ரீஸ்டார்ட் ஆகும். வாட்ச்டாக் டைமர் இருந்தாலும் உறைந்ததைக் கண்டு அது ரீஸ்டார்ட் செய்யும். 'கேடம்ப்' வசதியை நிறுவி வையுங்கள். விழும் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை அது கோப்பாகப் பிடித்துத் தரும். ரேம் என்றால் இசிசி வகை ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும், இரண்டு பிட் கெட்டால் கண்டுபிடித்து நிறுத்தும். திருத்திய பிழைகள் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவேட்டில் சேர ஆரம்பித்துவிடும். சூட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். பிராசசர் எல்லை மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டித்து அணைந்துவிடும், வழக்கமாக யாராவது பட்டனை அழுத்தும்வரை அப்படியே கிடக்கும். உங்களுடையது தானாக எழுந்துவிடுகிறது.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றப் போய்விடாதீர்கள். முறையாக நிற்காமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதற்குள் இருக்கும் பக்செக் எண், அதாவது விண்டோஸ் விழுந்ததற்கான பிழை எண், பூஜ்யமாக இருந்தால் மின்வெட்டோ, முழுதாக உறைந்ததோ காரணமாக இருக்கலாம். எண் இருந்தால் நீலத்திரை. அது 292 என்றால் வன்பொருளே பிழை சொல்லியிருக்கிறது. 1074 இருந்தால் யார் அல்லது எந்த நிரல் நிறுத்தியது என்ற பெயரே அங்கு இருக்கும். சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைகிறது என்றால் 180 நாள் சோதனைப் பதிப்பின் காலம் முடிந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஆகஸ்ட் 12-க்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஐந்து முறை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் பிடுங்கப்பட்ட வட்டு அது. பேக்கப் ஓடியது என்ற செய்தியோடு நிற்காமல், நேற்றைய பேக்கப்பிலிருந்து ஒரு டேட்டாபேஸை வேறொரு கணினியில் மீட்டு, திறந்து, கடைசிப் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வட்டுகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு இருந்தால் அதன் கேச் பேட்டரியையும் பாருங்கள். அது செத்திருந்து, வட்டில் எழுத வேண்டியதைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் ரைட் கேச் ஆன் ஆகியிருந்தால், வட்டுக்குப் போகாத எழுத்து ஒவ்வொரு முறையும் தொலைந்திருக்கும்.

யுபிஎஸ் பேட்டரிதான் என்று உறுதியானால் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடும். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி யுபிஎஸ்ஸின் முகப்பிலேயே ஒட்டிவிடுங்கள். சர்வரின் ஒரு பவர் சப்ளை சுவர் ப்ளக்கிலேயே இருக்கட்டும். 12-ஆம் தேதி என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். பிஎம்சி வரிகளை அப்படியே சேர்த்து அனுப்புங்கள்.